மெருகு ஏறாத அடிப்பக்கம்

கலைப்பிரியா தன் நாற்பத்து மூன்று வயதுக்குள் சில ஆயிரம் பேருக்காவது பல் கட்டியிருப்பாள். அவர்களில் ஒருவருடைய வாயையும் பார்த்தது கிடையாது. திண்டிவனம், மயிலம், செஞ்சிப் பக்கத்துப் பல் டாக்டர்கள் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் ஒரு தாடை வரும். அந்தத் தாடைதான் அவளுக்கு மனிதர். அதை விளக்குக்கு நேரே பிடித்து, "இவரு ஒரு பக்கமாவே மெல்லுறாரு", "இந்தம்மா தூக்கத்துல பல்லைக் கடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முகம் எப்படியிருக்கும் என்று யோசிப்பதில்லை. அது டாக்டரின் பாடு.

அவளுடைய லேப், திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் வாட்ச் கடைக்கும் நடுவே ஒடுங்கி ஏறும் படிகளின் உச்சியில் இருக்கிறது. உள்ளே இரண்டு அலமாரிகள். ஒன்றில் பெயர்ச் சீட்டு ஒட்டிய பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று கண்ணாடிக் கதவு போட்டது. அதில் நாற்பத்தாறு போர் விமானங்கள். உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பெரியதுகூட ஒரு சாண் நீளம் வராது. புதிதாக வரும் கூரியர்காரர் முதலில் பற்களைப் பார்ப்பார், பிறகு விமானங்களைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்க ஞாபகம் வரும்.

எல்லாமே கப்பலிலிருந்து பறந்த விமானங்கள். எல்லாமே போருக்குப் போனவை. அவளோ பயணிகள் விமானத்தில்கூட ஏறியதில்லை.

இந்தப் பித்து பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் பிடித்தது. கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடும் குடும்பத்துப் பெண், பல் கட்டும் படிப்பை முடித்துவிட்டு அங்கே ஒரு லேப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் பழைய சாமான் கடையில் ஒரு அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. மேலே அச்சிட்டிருந்த விமானத்துக்கு இறக்கை இரண்டும் மேல்நோக்கி மடங்கியிருந்தன. கும்பிடப் போகிறவர் கையைத் தூக்கியதுபோல. விமானத்தின் இறக்கை மடங்கும் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"இது எதுக்குங்க மடக்கி வச்சிருக்குது?"

"கப்பல்ல இடம் பத்தாதும்மா," என்றார் கடைக்காரர், வேறு யாருக்கோ சில்லறை எடுத்துக்கொண்டே.

அந்த ஒற்றைப் பதில் அவளை விடவில்லை. பறக்கும்போது முழு எடையையும் தாங்குகிற இறக்கையை நடுவில் வெட்டி, கீல் போட்டு மடக்கி, மறுபடி நிமிர்த்திப் பூட்டுவது என்றால், அந்தப் பூட்டு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? அவளுடைய தொழிலே பிடிமானம்தான். இரண்டு பல் கட்டினால், பக்கத்துப் பல்லைச் சுற்றி ஒரு கம்பிக் கொக்கி வளைக்க வேண்டும். கொக்கி அரை முடியளவு தளர்ந்தாலும் சோறு சாப்பிட முடியாது. ஆகவே பெட்டியை வாங்கிக்கொண்டு போய், விடுதி அறையில் ஒரு வாரம் ஒட்டினாள். மடக்கிய நிலையிலேயே ஒட்டினாள்.

அதற்குப் பிறகு தேடத் தேட, மடக்குவதிலும் எத்தனை வகை என்று தெரிந்தது. ஸோர்ட்ஃபிஷ் என்ற பிரிட்டிஷ் விமானம் தன் இரட்டை இறக்கைகளைப் பின்பக்கமாக, கதவைச் சாத்துவதுபோல் சாத்திக்கொள்ளும். அமெரிக்கர்களின் வைல்ட்கேட் இறக்கையைத் திருகிச் சாய்த்து, கோழி மாதிரி விலாவோடு ஒடுக்கிக்கொள்ளும். ஜப்பானியர்களின் ஜீரோவுக்கு இறக்கை நுனி மட்டும்தான் மடங்கும். நம் கடற்படையில் இருந்த சீ ஹாக்குக்கு இரண்டு கையும் மேலே. யார் யார்மேல் குண்டு போட்டார்கள், யார் ஜெயித்தார்கள் என்பதை அவள் படித்துத்தான் இருக்கிறாள். மனசில் தங்கியது மடிப்புதான். அலமாரியில் ஒரு விமானம்கூட இறக்கை விரித்து நிற்காது.

"ஏன் பிரியா, பறக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு வச்சாத்தான் என்னா?" என்பான் அவள் கணவன் திருமுருகன். விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பராமரிப்பு வேலை.

"பறக்குறத எல்லாரும் அண்ணாந்து பார்த்தாச்சிங்க. இத்த யாரு பார்த்தா?"

இதில் ஒரே ஒரு குறை இருந்தது. அது குறை என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. பல் செட்டின் வெளிப்பக்கத்தை வெளிச்சம் வழுக்குகிற அளவுக்கு மெருகேற்ற வேண்டும். சொரசொரப்பு இருந்தால் அழுக்கு ஒட்டும். ஈறில் படிகிற உள்பக்கத்தை மட்டும் மெருகேற்றவே கூடாது. ஏற்றினால் அச்சு தேய்ந்து, செட்டு நிற்காது. இருபது வருஷப் பழக்கம். விமானத்துக்குக் கடைசிப் பூச்சு காய்ந்ததும் கை தானாக அதை மெருகேற்றும் பஞ்சுச் சக்கரத்திடம் கொண்டுபோய்விடும். நாற்பத்தாறும் ஈரம் காயாததுபோல் மின்னின.

இரண்டு வருஷத்துக்கு முன் புதுச்சேரியில் மாதிரி விமானம் செய்பவர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். முதல் முறையாக இருபது விமானங்களை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களின் மேஜைகளில் இருந்தவை மங்கலாக, புகை படிந்து, எண்ணெய் ஒழுகி, போரிலிருந்து அப்போதுதான் திரும்பியவைபோல் நின்றன. தாடி வைத்த ஒரு இளைஞன் அவள் மேஜையில் குனிந்து பார்த்துவிட்டு, நண்பர்கள் காதில் விழும்படி சொன்னான்:

"அக்கா, இது கப்பல்ல ஏத்துறதா, வாயில மாட்டுறதா? பல் செட்டு மாதிரி மின்னுதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே கண்டுபிடித்துவிட்டான் என்பதுதான் சுட்டது. அன்று மதியமே மூட்டை கட்டினாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் போகவில்லை.

இந்த வருஷம் அதே குழு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தது. உங்களுக்கு ஒரு மேஜை ஒதுக்கலாமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று செய்தி வந்தது. வேண்டாம் என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள். நிஜ விமானத்தைத் தொட்டுப் பார்த்த ஒருத்தர், ஒரே ஒருத்தர், தான் செய்தது சரி என்று சொன்னால் போதும், யார் சிரித்தாலும் போய் நிற்கலாம் என்று தோன்றியது. அப்படிப்பட்ட ஆளுக்குத் திண்டிவனத்தில் எங்கே போவது?

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் ரஞ்சித் போன் செய்தார். "மேடம், ஒரு பெரியவர் அங்க வந்துக்கினு இருக்காரு. நீங்க பண்ணிக் குடுத்த செட்டுதான், மேல்பக்கம் நிக்க மாட்டேங்குது. முதல் ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சி. இப்ப லேப்காரங்களப் பார்த்தே ஆவணும்னு அடம் புடிக்கிறாரு. கொஞ்சம் பார்த்துக்கோங்க."

லேப்புக்கு நோயாளி வருவது வழக்கமில்லை. கலைப்பிரியா அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

படியேறி வந்தவர் குள்ளமான, மெலிந்த மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, தலையில் தொப்பி. வயது எழுபதைத் தாண்டி மூன்று நான்கு இருக்கும். கோட்டக்குப்பத்து அமீர் பாட்சா. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரிஸ்வானா வீட்டில் வந்து இருக்கிறார்.

"என் பல்லைப் பண்ணது நீதானா?"

"நான்தான் பாய். உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டும். மனுசன் ஒரு சிரிப்பு சிரிக்க முடியல. நேத்து பேத்தி என்னாமோ சொன்னா, சிரிச்சேன், பல்லு பிரியாணியில வுழுந்துச்சி. அத்த வீடியோ எடுத்து துபாய் வரைக்கும் அனுப்பி வச்சிட்டா. பெரிய பேஜாரா இருக்குதும்மா."

வாயைத் திறந்தபடியே செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து நீட்டினார். கலைப்பிரியா வாங்கித் திருப்பினாள். உள்பக்கம் கண்ணாடியாக மின்னியது. ஈறின் மேடு பள்ளம் ஒன்றும் மிச்சமில்லை.

"பாய், உள்பக்கத்த என்னா பண்ணீங்க?"

"சுத்தமா வச்சிக்கினேன்."

"எத்தப் போட்டு?"

"பித்தளை பாலிஷ் போட்டுத்தான். தெனம் காலைல."

"அல்லா! வாயில வைக்கிறது பாய் அது!" அவளை அறியாமல் அவருடைய சாமியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"கழுவிட்டுத்தாம்மா மாட்டுறேன். பத்து வருசம் கடற்படையில இருந்தவன் நான். மங்கலா ஒரு பொருள் கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. வெளிப்பக்கம் நீ நல்லாத்தான் மின்ன வச்சிருந்த. உள்ள என்னாடா இப்படிச் சோம்பேறித்தனமா வுட்டிருக்காங்கன்னு நானே தேச்சிட்டேன்."

உள்பக்கத்தை ஏன் தேய்க்கக் கூடாது என்று அவள் விளக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றுபோனாள். கடற்படை என்றாரே?

அவர் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"சீ ஹாக்," என்றார். பல் இல்லாத வாயில் அந்தப் பெயர் காற்றாக வந்தது.

கலைப்பிரியா செட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அருகே போனாள். "பார்த்திருக்கீங்களா பாய்?"

"பார்த்திருக்கேனாவா? எழுவத்தி ஒண்ணு சண்டையில விக்ராந்த் கப்பல்ல இருந்தேன். இதுங்கள தள்ளுறது, நிறுத்துறது, கட்டுறது. அதான் வேலை. அப்புறம்தான் துபாய்ல கிரேன் ஓட்டுனது எல்லாம்."

அவள் கதவைத் திறந்து, சீ ஹாக்கை அதன் பீடத்தோடு எடுத்து மேஜைமேல் வைத்தாள். கப்பல் தளம்போல் சாம்பல் பூசிய அக்ரிலிக் பலகை. அதன்மேல் கைதூக்கி நிற்கும் விமானம். "சரியா இருக்குதா பாய்?"

அவர் குனிந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இத்த ஏன் கட்டல?"

"கட்டுறதா?"

"அடியே, கப்பல் ஆடுமா ஆடாதா? சும்மா நிறுத்தி வச்சா தானா உருண்டுபோயி பக்கத்து வண்டியில முட்டிக்கும். இல்லாட்டி கடல்ல போயி வுழும். சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைக்கணும். தளத்துல வளையம் இருக்கும், அதுலேர்ந்து குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டணும். அலை பெருசா இருந்தா கூட ரெண்டு கட்டு. நாங்க இல்லாட்டி பைலட்டு எத்த ஓட்டுவான்? இத்தன வண்டியையும் அவுத்து வுட்டுட்டு நிக்கிறியே நீ!"

பதினெட்டு வருஷம் கீலையும் பூட்டையும் பற்றி யோசித்தவளுக்கு, மடக்கிய பிறகு அது எப்படி நிற்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பிடிமானத்தையே தொழிலாக வைத்திருப்பவள்.

"அது சரி பாய், மத்தது?" விடாமல் கேட்டாள். "ரொம்ப மின்னுதுன்னு சொல்றாங்க."

அமீர் பாட்சா விமானத்தை அலுங்காமல் தூக்கினார். பீடத்தில் ஒட்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. அதைக் கவிழ்த்துப் பிடித்தார். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, வயிற்றை மட்டும் பார்த்தார். வெளிறிய நிறம், மினுமினுப்பே இல்லை. ஒவ்வொரு தகட்டுக் கோடும் கூர்மையாகத் தெரிந்தது.

"இத்த ஏன் பாலிஷ் போடாம வுட்ட?"

கலைப்பிரியா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். அலமாரியைத் திறந்து வைல்ட்கேட்டை எடுத்துக் கவிழ்த்தாள். ஜீரோவைக் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் அப்படியேதான். அடிப்பக்கத்தில் சக்கரம் தொட்டதே இல்லை.

"தெரியல பாய். உள்பக்கம்னு கை நினைச்சிக்கிச்சி போல."

"இது சரியா இருக்குது." சக்கரம் மடங்கும் குழிக்குப் பக்கத்தில் விரல் நகத்தை வைத்தார். "இந்த விளிம்பு இருக்குதே, இதுலதான் தலைய இடிச்சிப்பேன். வாரத்துக்கு ஒருக்கா." தொப்பியைத் தூக்கி, நரைமுடிக்கு நடுவே ஒரு தழும்பைக் காட்டினார். "நான் குள்ளன். அடியில பூந்து கட்டுறதுக்குன்னே என்ன எடுத்து வச்சிருந்தாங்க. வயித்தத்தான் பார்த்தேன்."

"அப்ப மேல்பக்கம்?"

"மேல ஏறுறவன் வேற ஆளு. மின்னுச்சா மங்கியிருந்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். ஜல்தி என் பல்லக் குடு, பேத்தி சிரிப்பா சிரிக்கிறா."

புதன்கிழமை டாக்டர் ரஞ்சித் மறுபடி அச்செடுத்து அனுப்பினார். கலைப்பிரியா செட்டின் உள்பக்கத்துக்குப் புது அக்ரிலிக் ஏற்றினாள். பொட்டலத்தில் ஒரு சீட்டு வைத்தாள்: 'உள்பக்கம் தேய்க்கக் கூடாது. பித்தளை பாலிஷ் கூடவே கூடாது.' கூடவே கூடாது என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது கணவனிடம் கேட்டாள். "பாதி சரி, பாதி தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னா, அது பாஸா ஃபெயிலா?"

"மஞ்சள்," என்றான் திருமுருகன், மோரை ஊற்றிக்கொண்டே.

"இன்னாங்க மஞ்சள்?"

"சிக்னல்ல பச்சைன்னா போவான், சேப்புன்னா நிப்பான். மஞ்சள்னா நிக்க மாட்டான். மெதுவா போவான்."

கையைக் கழுவிவிட்டு வந்து, வேண்டாம் என்று எழுதி வைத்திருந்ததை அழித்து, 'ஒரு மேஜை போதும்' என்று அனுப்பினாள். டாக்டர் ரஞ்சித்துக்குப் போன் செய்து, பாய்க்கும் தகவல் சொல்லச் சொன்னாள்.

அன்றும் மறுநாளும் பல்லுக்கு ஒதுக்கிய நேரம் போக மீதியெல்லாம் கட்டுவதில் போனது. மேல்பக்கத்தை மங்கலாக்கிவிடலாமா என்று ஒரு தடவை உப்புக்காகிதத்தை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். அச்சு இல்லாமல் அவள் ஒரு பல்லைக்கூட நிறுத்தியதில்லை. மேல்பக்கத்துக்கு யாரும் அச்சு தரவில்லை. கட்டுக்குப் பாய் கொடுத்திருக்கிறார். கொக்கி வளைக்கும் கம்பியில் மிக மெல்லியதை எடுத்து, பீடத்தில் எட்டு வளையம் பதித்தாள். சக்கரங்களுக்கு அக்ரிலிக் கட்டை செதுக்கினாள். சக்கரக் கால்களிலிருந்தும் வாலடியிலிருந்தும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, பல்லுக்கு முறுக்குவதுபோலவே இடுக்கியால் முறுக்கினாள். எங்கும் பசை வைக்கவில்லை. நாற்பத்தாறில் ஒன்றைத்தான் கட்ட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பல் செட்டு அனுப்பும் டப்பாக்களில் பஞ்சு வைத்து விமானங்களை அடுக்கிக்கொண்டு விழுப்புரம் போய் இறங்கினாள். அவள் மேஜை ஜன்னலோரம். வெயில் நேராக விழுந்து பதினைந்து விமானங்களும் முன்னெப்போதையும்விட அதிகமாக மின்னின. வந்தவர்கள் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள், அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். பதினோரு மணிக்கு அந்தத் தாடிக்கார இளைஞனே வந்தான். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, பல் செட்டு அக்கா! இன்னும் மாத்தலியா?"

கலைப்பிரியா வாயைத் திறக்குமுன் அவன் தோளை யாரோ விலக்கினார்கள். அமீர் பாட்சா. ஒரு கையில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம். கடக் கடக்கென்று மென்றுகொண்டிருந்தார்.

"நிக்குது பாரு," என்று அவளிடம் பல்லைக் காட்டினார். பிறகு இளைஞனைப் பார்த்தார். "இன்னா தம்பி சொல்லிக்கினு இருக்க?"

"ஒண்ணுமில்ல பாய். நிஜ ஏர்கிராஃப்ட் இப்படி மின்னாதுன்னு..."

"நீ பார்த்தியா?"

"போட்டோ பார்த்திருக்கேன்."

"நான் போட்டோ பார்த்ததில்ல," என்றார் அமீர் பாட்சா. பொட்டலத்தை அவன் கையில் திணித்துவிட்டு, சீ ஹாக்கின் முன் குனிந்தார். வளையங்களை எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. ஒரு கம்பியை நகத்தால் சுண்டினார். இன்னொன்றைச் சுண்டினார். பிறகு, யாரும் எதிர்பார்க்குமுன், பீடத்தை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"பாய்!" கலைப்பிரியா இரண்டு உள்ளங்கையையும் அடியில் நீட்டினாள்.

எதுவும் விழவில்லை. அவர் பீடத்தை இடமும் வலமுமாகச் சாய்த்தார், கப்பல் ஆடுவதுபோல. கட்டைகூட நகரவில்லை. எட்டுக் கம்பியும் விறைத்து நிற்க, விமானம் வயிறு மேலாகப் பலகையிலிருந்து தொங்கியது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். இளைஞன் மல்லாட்டைப் பொட்டலத்தோடு குனிந்து, கழுத்தைத் திருப்பி, பலகைக்கும் விமானத்துக்கும் நடுவே தெரிந்த அந்த மங்கிய அடிப்பக்கத்தையே பார்த்தான். சக்கரக் குழியின் விளிம்பு, கோடு கோடாகத் தகடுகள், ஆணித் தலைகள்.

"அக்கா," என்றான் குரலை இறக்கி, "இந்த ஃபினிஷ் எப்படிக் கொண்டாந்தீங்க? எனக்கு இது வரவே மாட்டேங்குது."

"அதுக்குப் பல்லு கட்டிப் பழகணும் தம்பி," என்றாள் கலைப்பிரியா. அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று விழிக்கும்போதே வைல்ட்கேட்டை எடுத்து, கவிழ்த்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.